வலி சொல்வதும் சொல்லாததும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலைப் பொழுது தொடங்கி மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு இடமில்லை என்ற ஏற்பாட்டினால், விடியற்காலையில் காந்தி சிலைக்கும் தெற்குக் கோடியில் நிற்கும் டூப்ளே சிலைக்கும் இடையே நடப்போரைச் சற்று நின்று கவனிக்கிறவருக்கு, இந்த நகரத்தின் எலும்பு மூட்டுகளின் யோகக்ஷேமம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். வலிக்கும் காலை ஊன்றிய மாத்திரத்தில் அதை எடுத்துவிட்டு மற்றக் காலின்மேல் பாரத்தைச் சாய்த்துக்கொள்பவர் ஒருவர். அடிக்கு அடி உடம்பை ஒரு பக்கமாகத் தாழ்த்தி நடப்பவர் இன்னொருவர், அவருக்கு இடுப்பு மூட்டைத் தாங்கும் தசை பலவீனப்பட்டிருக்கும். முன்பாதத்தைத் தூக்க இயலாமல் தரையில் தட்டித் தட்டி வைப்பவருக்கு முதுகுத்தண்டிலிருந்து இறங்கும் நரம்பு ஒன்று அழுந்தியிருக்கக்கூடும். நூறு கஜம் நடந்தவுடன் கெண்டைக்கால் இரண்டும் கடுத்து மரத்துப்போக, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து முன்னால் குனிந்து இரண்டு நிமிஷம் இளைப்பாறி, பிறகு ஒன்றுமே நடவாதவர்போல எழுந்து செல்லும் பெரியவரையும் அங்கே காணலாம். முதுகுத்தண்டின் உள்வழி சுருங்கி நரம்புகளுக்கு இடம் போதாமற் போனவர்களுக்கு முன்னால் குனிவது அந்த வழியைச் சற்றே அகலப்படுத்திக் கொடுக்கிறது என்பதனால், அவர் தம்மையறியாமலே தமக்குரிய சிகிச்சையைச் செய்துகொள்கிறார். ரத்தக் குழாய் அடைப்பினால் கால் கடுப்பவராயிருந்தால் குனிய வேண்டியதில்லை, நின்றாலே போதும். இந்த ஒரு வித்தியாசத்தை விசாரித்து அறிவதற்குக் காசு செலவில்லை; கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நவீன மருத்துவத்தோடு இந்த ஊருக்குள்ள உறவு நெடுங்காலத்தது. பிரெஞ்சு அரசினர் 1823-ஆம் ஆண்டிலேயே இங்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். அந்தப் பரம்பரையில் வந்ததாகவே, எல்லோர் வாயிலும் ஜிப்மர் என்று வழங்கும் ஸ்தாபனம் 1964-இல் கோரிமேட்டில் உருப்பெற்று, 2008-இல் பாராளுமன்றச் சட்டத்தினால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக்கப்பட்டது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அங்கே வந்து வரிசையில் நிற்பவர்களில், எலும்பு வியாதிக்காரர்களை அவர்கள் கக்கத்தில் இடுக்கியிருக்கும் பெரிய கவரைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். எக்ஸ்ரே படமும் ஸ்கேன் பிலிமும் பல ஊர் மருத்துவர்களின் சீட்டுகளும் அதனுள் அடங்கியிருக்க, நோயாளி முதலில் நீட்டுவது கவரையாகவும், பிறகு சொல்வதே வலியின் வரலாறாகவும் ஆகிவிட்டது.

ரோண்ட்கன் 1895 நவம்பர் 8-ஆம் நாள் கண்டறிந்த கதிர்கள் எலும்பு மருத்துவத்துக்குச் செய்த உபகாரத்தை யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஆனால் முறிவைக் காட்டுவதில் எவ்வளவு நம்பத்தக்கதோ, முதுகுவலிக்குக் காரணம் காட்டுவதில் படம் அவ்வளவு நம்பத்தக்கதன்று. முதுகுவலி என்பதே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்வு காணப்பட்டதென்று கூறுகிறது. முகத்தில் சுருக்கம் விழுவதுபோல் வயதோடு வரும் இந்த மாறுதலைப் பிலிமில் கண்டு, 'தேய்மானம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதுவரை வலியோடு மட்டும் இருந்த மனிதன் அன்று முதல் வலியோடும் பயத்தோடும் வாழத் தொடங்குகிறான். குனியப் பயப்படுகிறான், குடத்தைத் தூக்கப் பயப்படுகிறான், கடைசியில் நடக்கவும் பயப்படுகிறான். என் அபிப்பிராயத்தில், இந்நோய்களின் விசாரணையில் முதற் சாட்சி வலிதான். படம் அந்தச் சாட்சியத்தைச் சரிபார்ப்பதற்கு வருவது. சாட்சி சில சமயம் உண்மையைச் சொல்லும், சில சமயம் வேறோர் இடத்தைக் காட்டித் திசைதிருப்பும், சில சமயம் வாயே திறக்காது. மூன்றையும் புரிந்துகொண்டால்தான் எலும்பும் மூட்டும் சம்பந்தப்பட்ட வியாதிகளின் நிதானம் ஓரளவு விளங்கும்.

எந்நேரத்தில் வலிக்கிறது என்பது அந்தச் சாட்சியிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. பகலெல்லாம் மார்க்கெட்டுக்கும் மாடிக்கும் ஏறி இறங்கி, மாலையில் முழங்கால் நோவெடுத்து, இரவு படுத்தால் தணிந்து, காலையில் எழுந்தவுடன் சற்றே பிடித்தாற்போல் இருந்து, பால் காய்ச்சி இறக்குவதற்குள் விட்டுப்போகிற வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்வின் வலி. அதற்கு நேர் மாறாக, காலையில் கண் விழிக்கும்போது இரு கை விரல்களும் வீங்கி மடக்க வராமல், காப்பித் தம்ளரைப் பிடிக்கவும் தலைமுடியைக் கோதி முடியவும் இயலாமல், அந்தப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடித்து, கையைப் புழங்கப் புழங்கத் தளர்கிறதென்றால், அது முடக்குவாதமாக இருக்கலாம். அங்கே மூட்டு தேய்ந்து போகவில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டின் மென்சவ்வைப் பகையென்று கருதித் தாக்கிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் ஒரே வலிமாத்திரையைக் கொடுத்தனுப்புவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். தேய்வுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லாமற் போகலாம். முடக்குவாதத்துக்கோ முதல் சில மாதங்கள் தவறினால் எலும்பின் விளிம்பு அரிக்கப்பட்டு, விரல்கள் கோணிய பின் எந்த மருந்தும் அவற்றை நிமிர்த்துவதில்லை. வாரத்துக்கு ஒரே நாள் உட்கொள்ள வேண்டிய மெதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை இந்நோய்க்குப் பிரதான மருந்து. அதைத் தினசரி மாத்திரையென்று தவறாக எண்ணி விழுங்கி உயிருக்கே ஆபத்தை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டாகையால், கிழமையைச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி வாங்குவது நல்லது.

முதுகிலும் இதே நேரக் கணக்கு செல்லும். நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு, மாதக்கணக்கில், ஓய்வெடுத்தால் அதிகமாகி, எழுந்து நடமாடினால் குறைந்து, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி இருக்குமானால், அது சாமானிய முதுகுப் பிடிப்பன்று. முதுகெலும்புகள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அழற்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம். அத்தகையவரிடம் 'பாரம் தூக்காதே, படுத்துக் கிட' என்று சொல்வது நோயை வளர்க்கும் உபதேசம்.

மூட்டுவலியின் வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி அனுபவமொன்று உண்டு. ஜிப்மர் தோன்றிய அதே 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும் சிக்குன்குனியா காய்ச்சல் பரவியது. பின்னர் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இந்தியாவில் அரவமின்றி இருந்த அந்தக் கிருமி, 2005-இன் கடைசியில் திரும்பி, 2006-இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் பேரைப் பீடித்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டது. கணுக்காலிலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் தங்கிய வலி பலருக்கு மாதங்களாகியும், சிலருக்கு வருஷங்களாகியும் விடவில்லை. அந்த வலியோடு வந்தவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறினர் என்பது ஒரு பக்கம். ஒரு சிலருக்கு மெய்யான முடக்குவாதமே இருந்து, எல்லாம் அந்தக் காய்ச்சலின் மிச்சமென்று கருதப்பட்டுக் காலம் வீணானதும் உண்டு. காய்ச்சலுக்குப் பிந்திய மூட்டு வீக்கம் மூன்று மாதத்தைத் தாண்டினால், ரத்தப் பரிசோதனையோடு மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டுமென்பதே அந்த அனுபவம் கற்பித்த பாடம்.

இனி, எந்நேரமும் விடாத வலி. படுத்தாலும் உட்கார்ந்தாலும் தணியாது, இரவில் அதிகமாகி, கூடவே மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால், முதுகெலும்பில் காசநோயோ, வேறோர் இடத்துப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதோ என்று உடனே பார்க்க வேண்டும்; இங்கே ஸ்கேன் எடுப்பதில் ஒரு நாள் தாமதமும் கூடாது. தொடையிடுக்கைச் சுற்றி உணர்ச்சி மரத்துச் சிறுநீர் இறங்காமற் போகுமானால் அது நாட்கணக்கு விவகாரமல்ல, மணிக்கணக்கு விவகாரம். எலும்புக் காசத்தைப் பற்றி நம் நாட்டார் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு: சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நுரையீரல் காசநோயாளியை ஆரோக்கியசாலையில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமென்று 1959-இல் உலகுக்கு நிரூபித்தது, பிற்காலத்தில் அதே நிலையம், முதுகெலும்புக் காசத்திலும் பெரும்பாலோருக்கு மாதக்கணக்கான படுக்கையும் பெரிய அறுவையும் இன்றி, நடமாடிக்கொண்டே மருந்துண்டு குணமடைய முடியுமென்று காட்டிற்று. இன்று இந்த மருந்துகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏறக்குறைய ஓராண்டு இடைவிடாமல் உண்ண வேண்டும் என்பதுதான் அதற்குரிய கஷ்டம்.

நேரத்துக்கு அடுத்தது ஸ்தானம். 'இடுப்பு வலி' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், அனுபவமுள்ள மருத்துவர் அதை ஏட்டில் எழுதுவதற்கு முன், "எங்கேன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டுங்கய்யா" என்பார். முதுகின் அடிப்பாகத்தைத் தொடுகிறவரும் உண்டு, பிட்டத்தைத் தொடுகிறவரும் உண்டு, தொடையும் வயிறும் சேரும் கவட்டைத் தொடுகிறவரும் உண்டு. மூன்றும் மூன்று வியாதிகள். கவட்டில் நோவென்றால் அது மெய்யான இடுப்பு மூட்டின் நோவு. விசித்திரம் என்னவென்றால், இடுப்பு மூட்டு கெட்டுப்போனவர்களில் சிலர் முழங்காலைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள்; இரண்டுக்கும் செல்லும் நரம்புகள் சம்பந்தப்பட்டவையாகையால் மூளை ஏமாந்து போகிறது. முழங்கால் எக்ஸ்ரே குற்றமற்றதாக வர, மாத்திரை மேல் மாத்திரையாக ஆறு மாதம் கழிய, தரையில் சம்மணமிட்டு உட்காரவும் முடியாமற் போன பிறகே இடுப்பைப் பரிசோதிக்கிற கதைகள் எத்தனையோ.

சாராயமும் பிராந்தியும் அக்கம்பக்கத்து மாவட்டங்களைவிட மலிவாகக் கிடைக்கும் ஊர் என்ற புதுச்சேரியின் கீர்த்தியை இங்கே மறைப்பானேன்? அளவுக்கு மிஞ்சிக் குடிப்பவர்களுக்கு, முப்பது நாற்பது வயதிலேயே, தொடையெலும்பின் உருண்டைத் தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த எலும்பு உள்ளேயே செத்துப் பின்னர் நொறுங்கிப் போவதுண்டு. ஸ்டீராய்டு மருந்தை வெகுநாள் உண்டவர்களுக்கும் இதே கதி நேரும். மூட்டுவலிக்கென்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளிலும் லேகியங்களிலும் ஸ்டீராய்டைக் கலந்து விற்றது கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால், 'இரண்டே நாளில் வலி பறந்தது' என்கிற பொடியைக் கண்டால் சந்தோஷத்தைக் காட்டிலும் சந்தேகமே உண்டாக வேண்டும். தொடையெலும்பின் தலை சாகும் இந்நோயில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றையும் காட்டாது; எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மட்டுமே காட்டும். படத்தை நான் பழித்ததாக நினைத்தவர்கள் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்: சாட்சியம் சந்தேகத்தை எழுப்பிய பிறகு எடுக்கும் படம் கண்ணைப்போல் உதவும்.

குடியோடும் பியரோடும் நெத்திலி, மத்தி மீன்களோடும் உறவுள்ள இன்னொரு வியாதி கவுட். நள்ளிரவில் கால் கட்டைவிரல் அடி மூட்டு செக்கச் சிவந்து, போர்வை பட்டாலும் துடிக்கும் இந்நோயில், யூரிக் அமிலம் ஊசிமுனைப் படிகங்களாக மூட்டில் இறங்குகிறது. மூட்டு நீரை எடுத்து முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியால் பார்த்து அந்தப் படிகங்களை 1961-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் நேருக்கு நேர் காட்டினார்கள். வலி உச்சத்திலிருக்கும் நாளில் ரத்தத்தின் யூரிக் அமிலம் சரியாகவே இருந்து ஏமாற்றக்கூடும் என்பதை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுகிறேன்.

சிகிச்சையைப் பற்றி எழுதப் புகுந்தால் முழங்காலைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் அதிகம் கேட்கும் முனகல் அதனுடையது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்கள், தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை மெய்யாகவே பயனளிக்கிறதா என்றறிய, நூற்றெண்பது நோயாளிகளின் சம்மதத்தைப் பெற்று, அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு அறுவை நடந்ததாகவே நம்பச் செய்தார்கள். 2002-இல் முடிவை வெளியிட்டபோது, மெய்யறுவை செய்துகொண்டவர்களும் பொய்யறுவை செய்துகொண்டவர்களும் ஈராண்டுக்குப் பின்னும் ஒரே அளவில்தான் இருந்தார்கள் என்பது வெளிப்பட்டது. அறுவைக்கூடத்தின் வெளிச்சமும் பச்சை உடையும் மருத்துவரின் நிச்சயமான குரலுமே ஒரு மருந்தாக வேலை செய்யும் என்பதைக் காட்டிய இப்பரீட்சையைப்போல் அடக்கத்தைப் போதிக்கும் பரீட்சை மருத்துவத்தில் வேறு சிலவே உண்டு. தேய்ந்த முழங்காலுக்கு மெய்யாகப் பயன் தருபவை, சொல்லப்போனால், விற்பதற்கு லாயக்கற்றவை: தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், உடல் எடையைக் குறைப்பதும், தினசரி நடையும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின்மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேரே நீட்டி, முழங்காற் சில்லின் மேலுள்ள தசை கல்லாய் இறுகும்வரை பத்து எண்ணி இறக்குவதை, காலுக்குப் பத்து முறை காலையும் மாலையும் செய்து வந்தால், ஆறு வாரத்தில் மாடிப்படி முன்போல் அச்சுறுத்தாது. தைலம் தேய்த்துக்கொள்வதில் தீங்கில்லை. தேய்க்கிற கையின் அன்புக்கும் அதில் பங்குண்டு. மூட்டு முற்றிலும் கெட்டு, இரவுத் தூக்கமும் போய், வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடாகிவிட்டவர்களுக்குச் செயற்கை மூட்டு ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் படத்தில் தேய்வு தெரிகிறதென்ற காரணத்துக்காகவே அதை வைத்துக்கொள்வது அநாவசியம்.

வலிமாத்திரைகளோ, சில நாளைக்கு நண்பர்கள், வெகுநாளைக்குப் பகைவர்கள். வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் வழிசெய்து, ரத்தக் கொதிப்பையும் ஏற்றுகின்றன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்லோஃபெனாக் என்ற வலிமருந்து, அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் அவ்வினத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதால், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதனுக்கு அவ்வளவு விஷமன்று என்றாலும், மருந்துக் கடையில் பெயர் சொல்லித் தாமே வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குவோர் அந்தக் கழுகுகளை ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நலம்.

சாட்சி வாயே திறக்காத வியாதிகளுக்கு இப்போது வருகிறோம். எலும்பு, பார்வைக்குக் கல்போல் இருந்தாலும், ஓயாது அரித்தெடுக்கப்பட்டும் புதிதாக நிரப்பப்பட்டும் வரும் உயிருள்ள பொருள். வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயது வரையில் சேர்த்த கனம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு விரைவாகவும், ஆண்களுக்கு மெதுவாகவும் கரைந்து வருகையில், உடம்பில் எங்கும் ஒரு சிறு நோவும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் அது புலப்படும். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிகிற அன்றுதான் குடும்பத்தாருக்கு விஷயம் தெரிகிறது. அந்த முறிவுக்கு ஆளான முதியோரில் ஐந்தில் ஒருவரேனும் ஓராண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாடுகளின் கணக்குகள் கூறுகின்றன. உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தவர்களுக்கும், கூன் விழத் தொடங்கியவர்களுக்கும், சற்றே இடறி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களுக்கும் டெக்ஸா என்ற அடர்த்திப் பரிசோதனை அவசியம். இளவயது எலும்பின் சராசரியோடு ஒப்பிட்டு அது தரும் மதிப்பெண் கழித்தல் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழ் போனாலோ அது நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் ஒன்றும் உண்ணாமலும் இருக்க வேண்டிய அலெண்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கொரு முறை ஏற்றும் ஊசியும் இந்த அரிப்பைத் தடுக்க வல்லவை. முறிந்த தொடைக்கு ஆணி வைத்து அனுப்பிவிட்டு, அடுத்த முறிவைத் தடுக்கும் இம்மருந்தைத் தொடங்காமல் விடுவது நம் நாட்டில் இன்றும் நடக்கும் பெரிய அசட்டை.

சூரியன் இவ்வளவு தாராளமாகக் காயும் ஊரில் வைட்டமின் டி குறைவா என்று வியப்போர் உண்டு. திருப்பதி மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமாகத் தோன்றிய தென்னிந்தியர்களிடையிலேயே இந்தக் குறைவும், உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் பரவலாகக் காணப்பட்டன. வெயில் இருந்தாலும், பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட வெயில் தோலில் பட வேண்டுமே! கருத்த தோலுக்கு அதிக நேரம் வேண்டும். விடியற்கால நடையின் இளவெயில் மனத்துக்கு இதமேயன்றி இதற்குப் போதாது. குறைவு முற்றினால் எலும்பு மெலிவதோடு நில்லாமல் மெத்தென்று ஆகி, தொடைத் தசையும் தளர்ந்து, தரையில் உட்கார்ந்த பெண்மணி சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாமற் போகிறாள். இதைப் 'பலவீனம்' என்று சொல்லி டானிக் கொடுப்பார்கள். நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. நூறு கிராம் தீட்டிய அரிசியில் இருப்பது பத்து மில்லிகிராம் சுமார், அதே எடைக் கேழ்வரகில் இருப்பது முந்நூற்றைம்பது சுமார். கேழ்வரகுக் கூழை ஏழைகளின் உணவென்று தள்ளி வைத்த நாகரிகத்தை என்னவென்று சொல்வது! ஆனால் மறுபுறம், 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தை 'உடம்புக்கு நல்லதுதானே' என்று வாராவாரம் ஆண்டுக்கணக்கில் கரைத்துக் குடிப்பவர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரி சேர்வதும் உண்டு.

கடைசியாக, புதுச்சேரிக்காரர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வியாதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பில், நாட்டின் சராசரி 11.4 சதவீதமாக இருக்க, 26.4 சதவீதத்தோடு கோவா முதலிடத்திலும் 26.3 சதவீதத்தோடு புதுச்சேரி அடுத்த இடத்திலும் நின்றன. வளர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். சர்க்கரை நோய் தோள்மூட்டை உறையச் செய்து சட்டையை மாட்டவிடாமல் செய்வது பலருக்கும் தெரியும். அது பாதத்தில் செய்யும் கொடுமை அவ்வளவாகத் தெரியாது. நரம்புகள் பட்டுப்போய் உணர்ச்சியற்ற பாதத்தில், நடக்கும்போது ஏற்படும் நுண்ணிய முறிவுகள் வலிப்பதில்லை. வலிக்காததால் மனிதன் மேலும் நடக்கிறான். பாதம் சிவந்து, சூடேறி, வீங்கி, சில வாரங்களுக்குள் உள்ளங்காலின் வளைவு தகர்ந்து எலும்புகள் சரிந்துவிடுகின்றன. பாரிஸில் ஸல்பேத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர், மேகநோய் முற்றித் தண்டுவடம் கெட்டவர்களிடம் இதனை 1868-இல் விவரித்தார். சர்க்கரை நோயாளிகளிடமும் இது வருவதை ஜோர்டன் என்ற மருத்துவர் 1936-இல் எடுத்துக் காட்டினார்.

இதற்குரிய சிகிச்சை நம் பக்கத்திலிருந்தே உலகுக்குச் சென்றதென்பது பலருக்கு வியப்பாயிருக்கும். உணர்ச்சியற்ற பாதத்துப் புண்ணை, பாதத்தோடு அணைந்து படியும் மாவுக்கட்டில் வைத்து நோயாளியை நடமாடவிட்டே ஆற்றும் முறையை 1930-களில் கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பாலும், இந்தியாவில் கான் என்ற மருத்துவரும் தொழுநோயாளிகளிடம் கையாண்டனர். கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்த பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாத காரணத்தால் தினசரி காயங்களிலேயே தேய்ந்துபோகின்றன என்று நிலைநாட்டி, 1960-களில் அமெரிக்கா சென்றபோது இந்த மாவுக்கட்டு முறையையும் கொண்டு சென்றார். இன்று அது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காத்து வருகிறது. சில மாதங்கள் கட்டோடு இருந்து, பாதத்தின் சூடு மற்றப் பாதத்தோடு சமமான பிறகு, தகுந்த காலணியோடு மறுபடி நடக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். சுளுக்கென்றும், சீழ் வைக்கிறதென்றும், கவுட்டென்றும் எண்ணிக் காலம் கடத்துவது இதனால்தான்.

ஆகவே, வெகுநாட் சர்க்கரை உள்ளவர்களும் அவர்களோடு வாழ்கிறவர்களும் இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிடச் சூடாகவும் வீங்கியும் இருந்தால், வலியில்லையே என்று ஒரு நாளும் காத்திராதீர்கள். அந்தக் காலை ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சர்க்கரை இருப்பதையும் வலி இல்லாததையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.